நடைமேடையில் சில மூட்டைகள்

கல்கத்தாவில் ஒரு ரயில் நிலையம். ஹஜ் பயணம் கிளம்பிய பெண்கள் கூட்டம் ஒன்றை நடைமேடையில் குந்த வைத்து, மேலே கனத்த ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்டுக் காவலுக்கு நிற்கிறார் ஒரு ஹாஜி. ரயில் வரும் நேரம். வெள்ளைக்கார ரயில்வே ஊழியர் வந்து சாமான்களை நகர்த்தச் சொல்கிறார். சாமான் இல்லை, வீட்டுப் பெண்கள் என்கிறார் ஹாஜி. நம்பாத ஊழியர் பூட்ஸ் காலால் ‘மூட்டை’யை உதைக்கிறார். உள்ளிருந்து ஒரு முனகல்கூட இல்லை. குரல் கேட்டால் பர்தா குலைந்துவிடுமே!

இதை எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசேன். 1931இல் வெளியான ‘அபரோத்பாசினி’ என்ற வங்காள நூலில் இப்படி 47 சிறு குறிப்புகள் இருக்கின்றன. அதற்கு முன் ‘மாசிக் மொகம்மதி’ இதழில் தொடராக வந்தவை. பல குறிப்புகள் ஒரு பக்கம்கூட வராது. விளக்கமோ அறிவுரையோ பெரும்பாலும் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும். சிரித்த பிறகுதான் சங்கடம் தொடங்கும்.

சிரிப்பு அவருக்குப் புதிதல்ல. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க, பெண்கள் நாட்டை ஆளும் ‘சுல்தானாவின் கனவு’ கதை 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்தான் வந்தது. ஆனால் அது கனவின் சிரிப்பு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய இந்தச் சிரிப்பு நிஜத்தின்மேல் விழுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உதைபட்டும் வாய் திறக்காத அந்தப் பெண்களைப் பார்த்தா சிரிக்கிறார்? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது. விடை அவர் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் கிடைத்தது. ஐந்து வயதிலிருந்தே, வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணிலும் படாமல் அவர் ஒளிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை விருந்தினர் வந்து தங்கியபோது, மாடி அறையில் உடைந்த கட்டில்களுக்கிடையே நாள்கணக்கில் பதுங்கிக் கிடந்தார். சின்னப் பையன் ஒருவன் நினைவு வந்தபோது ஏதாவது தின்னக் கொண்டுவருவான். அந்தச் சிறுமியையும் அதே குறும்போடுதான் எழுதுகிறார். ஜமுக்காளத்துக்கு வெளியே நின்று அல்ல, உள்ளே அமர்ந்தபடி வரும் சிரிப்பு அது.

நாணம் பெண்ணுக்கு அணி என்பார்கள். அந்த நாணத்தைக் காவல் காத்த ஏற்பாட்டைத்தான் அவர் நகைப்புக்கு இடமாக்கினார். வெட்கப்பட வேண்டியவர் இடம் மாறிவிட்டார்: மூட்டைக்குள் இருப்பவர் அல்ல, போர்த்தியவர். வீட்டு அழுக்கை ஊருக்குக் காட்டுகிறாள் என்ற கோபத்துக்கும் காரணம் இதுதான்.

எல்லாக் குறிப்பும் சிரிக்க வைப்பதில்லை. அவருடைய கணவர் வழி உறவினர் ஒருவர் பீகாரின் கியூல் நிலையத்தில் ரயில் மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். தூக்க ஓடிவந்த ஆட்களைத் தொடக் கூடாது என்று உடனிருந்த வேலைக்காரப் பெண் தடுத்தாள். அவளால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை. அரை மணி நேரம் காத்திருந்த ரயில் பிறகு புறப்பட்டது. இந்தக் குறிப்பையும் அவர் அதே நிதானமான குரலில்தான் சொல்கிறார். குரல் மாறாததுதான் நம்மை நடுங்க வைக்கிறது.

1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் அவர் தொடங்கிய பள்ளிக்குப் பிற்பாடு ஒரு மோட்டார் பஸ் வந்தது. பர்தா கெடாதபடி அதை நாலாபுறமும் அடைத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே கும்மிருட்டு, பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், மயங்கினார்கள். சரி என்று அடைப்பைத் திறந்து திரை போட்டார். உடனே கண்டனக் கடிதங்கள் வந்தன: காற்றில் திரை பறக்கிறதாம், பர்தா போய்விட்டதாம், பத்திரிகைகளில் எழுதிவிடுவார்களாம். பிள்ளைகள் மயங்கியதைவிடத் திரை பறந்தது பெரிய குற்றம். அந்தக் கடிதங்களையும் அவர் 47ஆவது குறிப்பாக எழுதிப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார்.