அறுத்த வாத்து

வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று போட்டுக்கொண்டே போகலாமா? கிடார் ஹீரோவின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். பதில் கிடைக்கும்.

2005ல் அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. கையில் ஒரு பிளாஸ்டிக் கிடார். அதில் ஐந்து கலர் பட்டன்கள். திரையில் ஓடிவரும் கலரைப் பார்த்து அமுக்கினால் ராக் பாட்டு தடதடக்கும். சரிகமகூடத் தெரிய வேண்டாம். அவ்வளவுதான் சமாசாரம். பிய்த்துக்கொண்டு போனது. 2006ல் ஆக்டிவிஷன் கம்பெனி வளைத்துப் போட்டது. 2007ல் வந்த மூன்றாம் பாகம் மட்டுமே நூறு கோடி டாலரைத் தாண்டியது!

சும்மா இருப்பார்களா? 2009 ஒரே வருடத்தில் மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், ஐந்தாம் பாகம், வேன் ஹேலன். போதாதென்று பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோ வேறு. மாறியது பெரும்பாலும் பாட்டு லிஸ்ட்தான். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் கடையைச் சாத்தினார்கள். அப்போது நடந்த ஆள்குறைப்பில் சுமார் 500 பேருக்கு வேலை போச்சு. 2015ல் தூசு தட்டி மறுபடி எடுத்தார்கள். எடுபடவில்லை.

அப்படியானால் அடுத்த பாகமே கூடாதா? அவசரப்படாதீர்கள். நின்டெண்டோவின் ஸெல்டா 1986ல் ஆரம்பித்தது. 2017ல் வந்த கதையின் தொடர்ச்சிக்கு ரசிகர்களை ஆறு வருடம் காக்கவைத்தார்கள். அதே ராஜ்ஜியம்தான். ஆனால், கட்டையையும் சக்கரத்தையும் ஒட்டி நீங்களே வண்டி செய்து ஓட்டலாம் என்றார்கள். 2023 மே மாதம், மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள்!

பத்தாம் பாகம்கூடப் போடுங்கள். போன தடவை காசு கொடுத்தவனுக்கு இந்தத் தடவை புதிதாக என்ன? அதை மட்டும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.