நிலைக்கல்லும் நிலையாத் தரையும்

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி எஃகுச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கத்தை நோக்கி ஏழரை மைல் நீண்ட அந்த அடிக்கோட்டிலிருந்துதான் நாட்டின் முக்கோண நில அளவை வளர்ந்தது. லாம்ப்டன் 1823-இல், இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஹிங்கன்காட்டில் காலமானார். அவருடைய பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார். நாகபுரிப் பக்கம் வாழும் தமிழன்பர்கள் லாம்ப்டனின் கல்லறையைச் சென்று காணலாம்.

இத்தனை பாடுபட்டு அளந்த இடங்கள் நிலைத்து நின்றனவா? கற்கள் நின்றன, அவற்றைத் தாங்கிய தரை நிற்கவில்லை.

இந்திய நிலத்தட்டு வடகிழக்காக நகர்ந்து வருகிறது. செயற்கைக்கோள் அளவைகளின்படி, பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டால், தென்னிந்தியா ஆண்டுதோறும் வடக்கே சுமார் மூன்றரை சென்டிமீட்டரும் கிழக்கே சுமார் நான்கு சென்டிமீட்டரும் செல்கிறது. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்தால், கர்ணம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். லாம்ப்டனுக்குத் துணைநின்ற முக்கோணமே நமக்கும் துணை! 1802 முதல் 2022 வரை 220 ஆண்டுகள். இதே வேகத்தில் பரங்கிமலை ஏறக்குறைய 12 மீட்டர் நகர்ந்திருக்கும். அட்சரேகையில் அது ஒரு விகலையின் கால் பங்கே. ஆயினும் இன்றைய நுண்ணிய அளவைகளில் ஓர் இடத்தைக் குறிப்பவர், அது எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டு வந்துவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஊரும் நம்மோடுதான் வருகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி யாவும் ஒரே தட்டின்மேல் ஏறக்குறைய ஒன்றாகவே செல்வதால், அவற்றின் இடைத்தொலைவு மாறுவது அரிது. லாம்ப்டனின் முக்கோணங்களும் அதனாலேயே குலையவில்லை.

இமயத்தில் கதை வேறு. அங்கே தட்டு முட்டி நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நிலம் சுருங்குகிறது. பெருக்கல் கணக்கு அங்கே எப்போதும் செல்லாது. பல தலைமுறைகளாகச் சேர்ந்த இறுக்கம் திடீரென்று அவிழும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளம் அதிர்ந்தபோது, காட்மாண்டு நகரம் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் தெற்கே பெயர்ந்தது.