தன்னுணர் மறதி

தன்னுணர் மறதி என்பது, தம் நினைவாற்றல் முன்போல் இல்லை என்று ஒருவர் தாமாகவே உணரும் நிலை. அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற நினைவுச் சோதனைகளில் குறை எதுவும் தென்படாது. அன்றாட அலுவல்களும் தடையின்றி நடக்கும். இது ஒரு நோயின் பெயர் அன்று. பலரிடம் வேறு காரணங்களால் வந்து, அவை தீர்ந்ததும் நீங்கிவிடும். சிலரிடம் மட்டும், டிமென்சியா எனப்படும் மறதிநோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் முதல் அறிகுறியாக அமையும்.

சொல் வழக்கு

முதுமையில் நினைவு தடுமாறுவதை யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்தல்’ என்பர். பேச்சில் அது ‘அறளை பேந்திட்டுது’ என வரும். இது பிறர் ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொல். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, வீட்டுக்கு வரும் வழியும் தவறத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் சொல்லப்படுவது. தன்னுணர் மறதி அதற்கு வெகுகாலம் முந்தியது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது. ‘எனக்கு இப்ப பேர் எல்லாம் மறக்குது’ என்று அவர் சொல்லும்போது, ‘வயசு போனால் அப்படித்தான்’ என்ற மறுமொழியே வழக்கமாகக் கிடைக்கிறது. பரிவோடு சொல்லப்பட்டாலும் அந்த மறுமொழி பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது.

ஆய்வு வரலாறு

ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல், பின்னர் தம் பெயரால் வழங்கிய நோயை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் ஆய்வாளரின் கவனம் வெளிப்படத் தெரியும் நோயிலேயே இருந்தது. 1982இல் அமெரிக்க மருத்துவர் பாரி ரைஸ்பேர்க் நினைவுச் சரிவை 7 படிகளாக வகுத்தபோது, நோயாளி மட்டும் உணரும் மறதிக்கு 2ஆம் படியில் இடம் கொடுத்தார். 2014இல் ஃபிராங்க் யெசன் தலைமையிலான பன்னாட்டுக் குழு இந்நிலைக்குப் பொதுவான வரையறையை வகுத்தது.

முன்னறிகுறியாகும் அளவு

2014இல் வெளியான அலெக்ஸ் மிச்செல் குழுவின் தொகுப்பாய்வின்படி, மறதி உண்டென முறையிட்ட முதியோரில் ஆண்டுக்கு 100க்கு ஏறத்தாழ 2.3 பேர் மறதிநோய்க்கு ஆளாயினர். முறையிடாதோரில் இது 1 பேர். இடர் இரு மடங்கானாலும், முறையிட்டோரில் பெரும்பாலோருக்கு அந்நோய் வரவில்லை. அதே ஆண்டில் வெளியான கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வில், முதல் முறையீட்டுக்கும் மறதிநோய்க்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 12 ஆண்டுகள் இருந்தன.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 2007இல் இன்னொன்றைக் காட்டியது: உயர்கல்வி பெற்றவரிடம் இம்முறையீட்டின் முக்கியத்துவம் கூடுதலாக இருந்தது. படிப்பும் பயிற்சியும் மிக்க மூளை, குறையை ஈடுசெய்து சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றுவிடும். யாழ்ப்பாணத்தின் மருதனார்மடத்தைச் சூழ்ந்த பகுதியில் 1824இல் உடுவில் மகளிர் கல்லூரியும் 1913இல் இராமநாதன் கல்லூரியும் தோன்றிப் பல தலைமுறைப் பெண்களுக்குக் கல்வி தந்துள்ளன. இத்தகைய ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சோதனையில் தேறிவிட்டார் என்பதற்காக அவருடைய முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

மருதனார்மடம் சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்க மறந்து வருவது எவருக்கும் நேரும். வீட்டில் நினைவூட்டினால் உடனே ஞாபகம் வரும். சந்தைக்குப் போய்வந்ததே நினைவில் இல்லாமற்போவதும், பல்லாண்டு நடந்த தெருவில் திசை தடுமாறுவதும் தன்னுணர் மறதியின் எல்லையைக் கடந்தவை. அவற்றுக்கு உடனே மருத்துவம் நாட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மறதியில் கீழ்வருவன இருந்தால் இடர் கூடுதல் எனக் கொள்வர்:

- மாற்றம் முதன்மையாக நினைவாற்றலில் தோன்றுவது
- 60 வயதிலோ அதன் பின்னோ, கடந்த 5 ஆண்டுகளுக்குள் தொடங்கியது
- விட்டுவிட்டு வராமல் நீடிப்பது
- அதைப் பற்றி உள்ளூரக் கவலை கொள்வது
- உடன் வாழ்பவரும் அதே மாற்றத்தைக் காண்பது

நோய் முற்றும்போது பலரிடம் தம் மறதியை உணரும் ஆற்றலே குறைந்துவிடும். அப்போது முறையிடுபவர் நோயாளி அல்லர், குடும்பத்தார். ஆகவே முன்பு மறதியைச் சொல்லி வருந்தியவர் பின்பு ஒன்றும் சொல்லாதிருந்தால், அது குணமானதன் அடையாளம் என்று கொள்ள முடியாது.

பிற காரணங்கள்

மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, செவிப்புலன் குறைவு, தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பல சீராக்கக்கூடியவை.

யாழ்ப்பாணத்தில் மனச்சுமையைத் தனியே எண்ண வேண்டும். 1995 அக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமம் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறியபோது நடுவயதில் இருந்தவர்கள் இன்று முதியோர். இழப்பின் துயரும், பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் வீட்டின் தனிமையும் மறதியாக வெளிப்படலாம். மனச்சோர்வும் தனிமையும் மறதிநோய்க்கான இடர்க் காரணிகளும் ஆகும். எனவே அவற்றைக் கண்டு சிகிச்சை அளிப்பது இரு வகையில் பயன் தரும்.

இலங்கை நிலை

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாக இருந்தனர். ராகமையில் 65 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. மறதிக்கு மருத்துவரை நாடுவோர் மருதனார்மடத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சென்றால் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையையும், தெற்கே சென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையையும் அடையலாம்.

பரிசோதனையும் காப்பும்

தன்னுணர் மறதிக்கெனத் தனி மருந்து இல்லை. மருத்துவர் நோய் வரலாற்றைக் கேட்டு, இரத்தப் பரிசோதனை, செவி, பார்வை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, நினைவுச் சோதனையும் செய்வார். முதற்சோதனையில் குறை இல்லாவிடினும் அதன் மதிப்பெண் பின்னாளில் ஒப்பிட உதவும்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், திருத்தக்கூடிய 14 இடர்க் காரணிகளோடு உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தொடர்புபடுத்தியது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொலஸ்திரோல், புகைத்தல், மது, உடலுழைப்பின்மை, கவனிக்கப்படாத செவிப்புலன், பார்வைக் குறைகள் ஆகியன அவற்றுள் அடங்கும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. மறக்கிறது என்று ஒருவர் முதன்முதலாகச் சொன்ன நாளையும், எதை மறந்தார் என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதி, அடுத்த முறை வைத்தியரிடம் காட்ட வேண்டும். நோயின் தொடக்கத்தைக் கணிக்க வைத்தியருக்கு அந்தக் குறிப்பு பின்னர் பெரிதும் துணைசெய்யும்.