சபராளி

நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கும் ஆணுக்குச் சபராளி என்று பெயர். “வாப்பா எங்கே?” என்று கேட்டால் “சபர்ல இருக்காஹ” என்பார்கள். எந்த நாடு, எந்த ஊர் என்பதெல்லாம் தோண்டிக் கேட்டால்தான் வரும். துபாயின் ஜெபல் அலி கேம்ப்களில் இன்று இரண்டடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் ஊர்ப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சொல் பாட்டன் காலத்துச் சொத்து.

சஃபர் என்றால் அரபியில் பயணம். பாஸ்போர்ட்டுக்கு ‘ஜவாஸ் சஃபர்’ என்று பெயர். ஹிஜ்ரி ஆண்டின் இரண்டாம் மாதமான ஸபர் வேறு சொல், வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் சிலர் குழம்புகிறார்கள். பயணம் மனிதனின் குணத்தைத் திரை விலக்கிக் காட்டிவிடும் என்பதால்தான் சஃபர் என்ற பெயர் வந்தது என்று பழைய அரபு அகராதிகள் விளக்கம் சொல்கின்றன.

பயணிக்கு அரபியில் முசாஃபிர் என்ற சொல் தயாராகவே இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சபரோடு ‘ஆளி’யைச் சேர்த்துப் புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. முசாஃபிர் வழியில் இருப்பவர். அவர் நோன்பைத் தள்ளி வைக்கலாம், நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். ஊர் திரும்பியதும் சலுகை முடிந்துவிடும். சபராளி அப்படியா? தொழிலை நம்பிப் பிழைப்பவர் தொழிலாளி என்றால், பயணத்தையே பிழைப்பாகக் கொண்டவர் சபராளி. ஒரே ஊரில் முப்பது வருஷம் வேலை பார்த்தாலும் அவர் பெயர் மாறாது. ரெண்டு மாத லீவில் வாசலில் வந்து நிற்கும்போதும் “சபராளி வந்திருக்காஹ” என்றுதான் தெரு பேசும்.

அதே வேரிலிருந்து வந்த இன்னொன்று நம் வீடுகளில் தரையிலேயே கிடக்கிறது. சாப்பாட்டுக்கு விரிக்கும் சுப்ராதான் அது. அரபியில் சுஃப்ரா முதலில் வழிப்பயணிக்குக் கட்டிக் கொடுக்கும் உணவைக் குறித்தது. பிறகு அதைக் கட்டும் விரிப்பைக் குறித்தது. கடைசியில் விருந்துக்கு விரிக்கும் துணியாயிற்று. வளைகுடாக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் சுப்ரா சுருள் சுருளாக விற்கிறது. வேண்டிய நீளம் கிழித்துத் தரையில் போட்டு, சோற்றை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன சஃபர் சுவாஹிலியில் ‘சஃபாரி’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. பிறகு அது ஒரு சட்டைக்குப் பெயராகி நம்மிடம் வந்தது. பழைய ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். நாலு பாக்கெட் வைத்த சஃபாரி சூட், பெரிய கண்ணாடி, கையில் டேப் ரெக்கார்டர் என்று நிற்பவர் 1970, 80களின் சபராளி. உடுத்தியிருப்பதும் சபர், பெயரும் சபர்.

கடலில் வந்த சொற்கள் இவை மட்டுமல்ல. மாலுமியும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்தான். 15ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் வழிகளை எழுதிவைத்த புகழ்பெற்ற முஅல்லிம் அஹ்மத் இப்னு மாஜித், இன்றைய ராஸ் அல் கைமாவில் இருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர்.

சொல் அப்படியே இருக்க, அது சுட்டிய திசைதான் மாறிக்கொண்டே போனது. ஒரு தலைமுறைக்குச் சபர் என்றால் ரங்கூன், சைகோன், பினாங்கு. 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களை ஏற்றிப்போனது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகள் அரசுடைமையாகி, பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த தலைமுறை பம்பாய்க்கு ரயிலேறி, 1982 வரை ஓடிய துவாரகா போன்ற கப்பல்களில் வளைகுடாவுக்குப் போனது. பிறகு விமானம். மணல்கரையைத் தோண்டி உண்டாக்கிய ஜெபல் அலி துறைமுகம் 1979இல் திறந்தது. 1985இல் ஃப்ரீ ஸோன் வந்தது. கிடங்கு, கிரேன், கன்டெய்னர் என்று சபருக்குப் புது முகவரி கிடைத்தது.

இத்தனை ஊரையும் ஒரே சொல் விழுங்கிவிட்டதால் வந்த நஷ்டம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் பாட்டனாரின் ஸ்டூடியோ படம் தொங்கும். பின்னால் திரையில் வரைந்த தூணும் மாடிப்படியும். “எங்கே எடுத்தது?” என்றால் “சபர்ல எடுத்தது” என்பதோடு நின்றுவிடும். அது ரங்கூனா, ஈப்போவா, கொழும்பா? சொல்லத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி அட்டையைத் திருப்பினால் சில சமயம் ஸ்டூடியோ முத்திரை கிடைக்கும். தெருப் பெயர்கூட இருக்கும். பழைய பாஸ்போர்ட்டின் சீல்கள் மீதியைச் சொல்லும்.

இன்றைய சபராளியின் நிலைமை இன்னும் மோசம். ஆயிரக்கணக்கான படங்கள் போனில் கிடக்கின்றன. போன் கெட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் ஜெபல் அலியில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊர், வருஷம், கூட நிற்பவர் பெயர் மூன்றையும் எழுதி அடுத்த லீவில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். போனதும் வாப்பாவின் படத்தையும் கழற்றிப் பாருங்கள்.