சைக்கிளோடு ஓடும் காவல் நாய்: குளுவாங் வெயிலுக்கு ஏற்ற பயிற்சி

குளுவாங் – செம்பனைத் தோட்டங்களிலும் தாமான் வீடுகளிலும் காவலுக்கு வளர்க்கப்படும் நாய்களில் பல, பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து இரவில் மட்டும் அவிழ்த்து விடப்படுகின்றன. அவை நன்றாகக் குரைக்கும். ஆனால், வேலி ஓரம் வந்த காட்டுப் பன்றியைச் சற்றுத் தூரம் விரட்டினாலே மூச்சு வாங்கி நின்றுவிடும். உடற்பயிற்சி இல்லாததே இதற்குக் காரணம்.

இக்குறையைப் போக்கும் எளிய வழி, நாயைச் சைக்கிளோடு ஓடவிடுவது. செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால், நம் நாட்டு வெப்பத்தை அறியாமல் செய்தால் நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

எதற்குச் சைக்கிள்?

நாய் அதிகம் களைக்காமல் நெடுந்தூரம் செல்லும் ஓட்டம் ஒன்று உண்டு. ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஒன்றாகத் தரையில் பதியும் மெல்லோட்டம் அது. இதில் இரு பக்கத் தசைகளும் சமமாக உழைக்கும். இதயமும் நுரையீரலும் வலுப்பெறும். நாம் நடக்கும் வேகம் இதற்குப் போதாது. நாயோடு ஓடலாம் என்றால் நாம் முதலில் களைத்துவிடுவோம். நாயை நெடுநேரம் அந்த மெல்லோட்டத்திலேயே வைத்திருக்கச் சைக்கிள்தான் வசதி.

மோப்ப வேலைக்கும் இந்த உடல்வலு தேவை. 2007-ஆம் ஆண்டு ஜொகூர் பாருவில் திருட்டு வட்டுகளைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவை லக்கி, ஃபுளோ என்ற இரு லாப்ரடார் நாய்கள். வாயைத் திறந்து இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது என்பதால், எளிதில் களைக்காத உடல் அத்தகைய நாய்களுக்கு அவசியம்.

ஜெர்மனியின் 20 கிலோமீட்டர் தேர்வு

சைக்கிள் ஓட்டத்தை ஒரு தேர்வாகவே வகுத்து வைத்திருப்பது, 1899-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்ச் சங்கம். இத்தேர்வில் நாய் சைக்கிளின் பக்கத்தில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். 8 கிலோமீட்டரில் 15 நிமிடமும், 15 கிலோமீட்டரில் 20 நிமிடமும் ஓய்வு தரப்படும். அப்போது நாயின் களைப்பையும் பாதங்களையும் நடுவர் கவனிப்பார். 16 மாதம் நிறையாத நாய்க்கு அனுமதி இல்லை.

நமக்கு முக்கியமானது இன்னொரு விதி: வெளி வெப்பம் 22 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. குளுவாங்கிலோ, பெரும்பாலான நாட்களில் பொழுது விடியும் முன்பே வெப்பம் 23, 24 பாகையாக இருக்கும். பிற்பகலில் 32 பாகையைத் தொடும். அதாவது, அங்கே தேர்வை நிறுத்திவிடும் வெப்பம், இங்கே நாளின் மிகக் குளிர்ந்த நேரத்திலேயே இருக்கிறது. ஆகவே, 20 கிலோமீட்டர் என்பதை இங்கு இலக்காக வைக்கவே கூடாது. நலமான, பழகிய நாய்க்கு 3 முதல் 5 கிலோமீட்டர் போதும்.

வெப்பம் ஏன் இவ்வளவு ஆபத்து?

நமக்கு உடல் முழுதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். இரைப்பதன் வழியாகத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது. நாக்கின் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். நம்மூர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் அது எளிதில் நடக்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. அது 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும்.

நாய் தானாக நிற்கும் என்று நம்பக் கூடாது. பாசமுள்ள நாய், எசமானர் நிற்காதவரை பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் பிசுபிசுப்பாவது, ஈறு கடுஞ்சிவப்பாக மாறுவது, கால் தடுமாறுவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிற வேண்டும். ஈரத் துணியால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சூட்டைத் தணிக்கத் தொடங்கிய பிறகே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

எப்போது, எங்கே?

விடியற்காலையே சிறந்தது. பெரட்டு முடிந்து ஆட்களை ஏற்றிய லோரிகள் போன பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னான நேரம் தோட்டத்து மக்களுக்குத் தோதானது. இருட்டாக இருந்தால் சைக்கிளுக்கு விளக்கு கட்டாயம். தார்ச் சாலையைவிடச் செம்மண் பாதை பாதங்களுக்கு நல்லது. மாலையில் தார்ச் சாலை சூட்டை விடாது. புறங்கையை 7 விநாடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயை அதில் ஓடவிடக் கூடாது.

களைக்கொல்லி தெளித்த வரிசைகளையும், முள் மட்டைகள் குவித்த இடங்களையும் தவிர்க்க வேண்டும். தேங்கிய நீரை நாய் குடித்தால் எலிக்காய்ச்சல் வரலாம். குடிநீரைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படிப்படியாகப் பழக்குதல்

முதல் வாரம் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே நாயோடு நடக்கலாம். இரண்டாம் வாரம் 5 நிமிட ஓட்டம். அதன் பிறகு வாரத்திற்குச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வாரத்தில் மூன்று நாள் போதும். இடையில் ஓய்வு நாள் வேண்டும். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் சில நிமிடம் நடக்கவிட வேண்டும். நாய் பாய்ந்து ஓடத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வயிறு நிறையத் தின்ற நாயை ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக் கொள்ளும் அபாயம் உண்டு.

எலும்பு முற்றாத குட்டி, முதிய நாய், சினை நாய், பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் ஆகியவற்றுக்கு இப்பயிற்சி ஆகாது.

கயிறும் சாலையும்

ஜெர்மனியில் நாய் சைக்கிளின் வலப்பக்கம் ஓடும். இங்கு வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால் நாயும் இடப்பக்கமே ஓட வேண்டும். அப்போதுதான் வாகனத்திற்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கும். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. கயிற்றைக் கைப்பிடியில் கட்டுவதும் மணிக்கட்டில் சுற்றுவதும் ஆளைக் கவிழ்த்துவிடும். இருக்கைக்குக் கீழே பொருத்தும் ஸ்பிரிங் கம்பி, நாய் திடீரென இழுத்தாலும் அதிர்ச்சியைத் தாங்கிக் கொள்ளும்.

நாய்க்கு நகராண்மைக் கழக உரிமம் எடுத்திருக்க வேண்டும். பலரும் சேர்ந்து வாழும் குளுவாங்கில், சூராவ் வாசலையும் கம்பத்துப் பாதையையும் தவிர்த்து வேறு வழியில் செல்வது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணிகளை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது.

பயிற்சி சரியாக நடக்கிறதா என்பதை மறுநாள் காலையில் அறியலாம். சைக்கிளை வெளியே எடுத்ததும் நாய் வாலாட்டி ஓடி வந்தால், அளவு சரி. நொண்டினாலோ, எழுந்திருக்கத் தயங்கினாலோ அன்று ஓட்டம் வேண்டாம்.