மண்ணின் பூர்வீகம்

ஒத்தக்கடையில் ஆனைமலை அடிவாரத்தில் சின்ன வயசில் பாண்டி விளையாட ஓட்டாஞ்சில்லு பொறுக்குவோம். அது எந்தக் கண்மாய் மண், யார் வனைந்தது என்று யாரும் கேட்டதில்லை. 2015இல் கீழடியில் தோண்டத் தொடங்கியபின் சில்லுக்கு வந்த மவுசே வேறு. இன்று ஒவ்வொன்றிடமும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: உன் பூர்வீகம் எது?

இக்கேள்விக்கு அணுவிஞ்ஞானம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஓட்டின்மீது நியூட்ரான்களைப் பாய்ச்சினால் அணுக்கருக்கள் அவற்றை விழுங்கி அக்கணமே காமா கதிரை உமிழ்கின்றன. சில, கதிரியக்கம் பெற்று நாள்கணக்கில் உமிழ்கின்றன. கதிரின் ஆற்றல் தனிமத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ரஜன் என்றால் 2223 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். களிமண்ணில் துளித்துளியாகக் கிடக்கும் தனிமங்களின் விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஓட்டின் விகிதத்தை ஊர் மண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

இதன் வரலாறுதான் என்னை உறுத்துகிறது. 1936இல் கோபன்ஹேகனில் ஹெவெசியும் ஹில்டே லெவியும் நியூட்ரானால் தனிமத்தை அடையாளம் காணும் இந்த முறையைத் தொடங்கிவைத்தார்கள். இருவருமே யூத வம்சாவளியினர். நாஜி ஜெர்மனியை விட்டு 1934இல் வெளியேறியவர்கள். பூர்வீகம் கேட்கப்பட்டதால் அகதியானவர்கள் கண்ட முறை, பின்னாளில் பானைக்குப் பூர்வீகம் சொல்லும் முறையாயிற்று. 1956இல் பிரின்ஸ்டனில் தொல்லியலாளர்களையும் வேதியியலாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்தவர் ஓப்பன்ஹைமர், அணுகுண்டுக்காரர். மறுவருஷமே சேயரும் டாட்சனும் மத்தியதரைக்கடல் பகுதிப் பானையோடுகளை இம்முறையில் ஆராய்ந்து எழுதினார்கள். நம் கல்பாக்கத்தில், தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233இல் ஓடும் 'காமினி' உலை 1996இல் இயங்கத் தொடங்கியது. நியூட்ரான் பகுப்பாய்வு அதன் வேலைகளில் ஒன்று.

ஆனால் கருவி சொல்வது மண்ணின் ஊரை மட்டுமே. வேளார் ஒருவர் இரண்டு கண்மாய் மண்ணைக் கலந்து, மணல் சேர்த்து மிதித்துப் பதமாக்கினால் கருவி அந்தக் கலவையைத்தான் அளக்கும். கலந்த கையின் அறிவு எந்தக் கதிரிலும் வராது. பானை ஊர்விட்டு ஊர் போகும்; வனைந்தவரும் போவார். கீழடி ஓட்டில் 'ஆதன்' என்று எழுதியிருக்கிறது. மண் இந்த ஊர்தான் என்று நாளைக்கே நிரூபணமானாலும், ஆதன் எங்கிருந்து வந்தான் என்பது அதில் இல்லை.

மண்ணின் முகவரியை மனிதனின் சாதிச் சான்றிதழாக, இனச் சான்றிதழாக வாசிக்கிற அவசரம் இரு தரப்பிலும் இருக்கிறது. 'நீங்க எந்த ஊரு?' என்று நம்மூரில் கேட்பவர் அறிய விரும்புவது ஊரை அல்ல என்பது நமக்குத் தெரியாதா என்ன?