கூலியும் பேரும்

ஒரு சொல்லின் பொருளை அறிய அகராதி மட்டும் போதாது. அதைச் சொல்பவர் யார், எங்கே நின்று சொல்கிறார் என்பதும் தெரிய வேண்டும். இன்று 'கூலி' என்னும் சொல்லைப் பார்ப்போம்.

உழைப்பின் ஊதியமே கூலி. முயன்று மெய் வருந்தியவருக்கு அதற்கேற்ற கூலி உண்டு என்பது 619ஆம் குறளின் கருத்து. அங்கே அது மதிப்புள்ள சொல். ஆங்கிலேயரின் 'கூலி' இதிலிருந்தே பிறந்தது என்பர் சிலர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், நமது கோப்பித் தோட்டங்களில் துரைமார் வாயில் அது ஊதியத்தைக் குறிக்கவில்லை, ஆளையே குறித்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் அவ்வாறே எழுதியது.

பல ஆண்டுகளுக்கு முன் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் தங்கியிருந்தேன். மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மா ஒருவர், "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. செக்ரோலில் பேர் விழுந்தால் நாட்சம்பளம். கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம். அதுவே அரைப்பேர் என்று அவர் விளக்கினார்.

ஊதியத்தைக் குறித்த சொல் மனிதருக்குப் பெயராயிற்று. பெயரைக் குறித்த சொல்லோ ஊதியமாயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அக்குறை தீர்க்க 2003 வரை சட்டங்கள் வேண்டியிருந்தன. கூலி, தோட்டக்காட்டான், நாடற்றவர் என்பன பிறர் இட்ட பெயர்கள். மலையகத் தமிழர் என்பது அவர்கள் தாமே இட்டுக்கொண்டது. அதையேனும் நாம் முழுப்பேராகச் சொல்வோம்.